பழியைச் சுண்ணாம்பின் மேல் போட்டோம்

அம்மாவின் நாக்கில் அந்த வெள்ளைத் தடம் தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் பயப்படவில்லை. சுண்ணாம்பு பொள்ளியிருக்கிறது என்றோம். வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாய் பொள்ளுவது புதிதில்லை. காரம் கூடிய சுண்ணாம்பு பட்டால் நாக்கு வெந்து வெளுக்கும், சில நாளில் தோல் உரிந்து சரியாகும். அம்மாவின் தடம் சில நாளில் போகவில்லை, சில மாதங்களிலும் போகவில்லை. அப்போதும் குற்றம் சுண்ணாம்பின் மேல்தான். நாங்கள் மாற்றியது சுண்ணாம்பு வாங்குகிற கடையை.

கேரள எல்லையோரம் பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் எத்தனையோ வீடுகளில் இன்றும் யாரோ ஒருவர் சுண்ணாம்புக் கடையை மாற்றிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் இது கிடைத்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் சரோஜம். வெள்ளறடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிற வேலை. இருட்டோடு போய்விட வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்து, ரப்பர் ஷீட்டாக அடித்து வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது வெயில் உச்சிக்குப் பக்கம் வந்திருக்கும். அதுவரை வயிற்றைச் சமாதானம் செய்வது முறுக்கான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் போயில என்று நாலும் சேர்ந்த உருண்டை அது. புகையிலையைத்தான் எங்கள் பக்கம் போயில என்போம். உருண்டையை இடக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பசி தெரியாது என்பாள். வெள்ளைத் தடம் நாக்கின் இட விளிம்பில் இருந்தது.

அம்மாவுக்கு ஊரில் இன்னொரு பெயரும் உண்டு: குரவைக்காரி. குரவை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாக்கை வாய்க்குள் இடமும் வலமுமாக வேகமாக அடித்து, மூச்சு முழுவதையும் ஒரே நீள ஒலியாக வெளியே விடுவது. தாலி கட்டும்போதும் குழந்தை பிறந்தாலும் பெண்கள் சேர்ந்து குரவையிடுவார்கள். சேர்ந்துதான் இடுவார்கள் என்றாலும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் முதலில் தொடங்குவது அம்மாதான். கல்யாண வீட்டில் அவளுக்குத் தனியாக ஒரு முறுக்கான் தட்டு வைப்பார்கள். அது மரியாதை, வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

அப்பா வெள்ளறடையில் ஆட்டோ ஓட்டுகிறவர். கடற்கரைப் பக்கம் சவாரி போன ஒருநாள் சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி வந்தார்.

“இது கடல் சிப்பியாக்கும், சரோஜம். பாலு போல இருக்கும், பொள்ளாது.”

அதோடு இன்னொரு யோசனையும் சொன்னார். இடப் பக்கத்துக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துவிட்டு உருண்டையை வலப் பக்கம் அடக்கினால் என்ன? நல்ல யோசனை என்று எங்கள் எல்லோருக்கும் பட்டது. அம்மா மாற்றிக்கொண்டாள்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு நெய்யாற்றின்கரையில் ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்கிறேன். இரண்டு ஸ்பீக்கர் உள்ள டேப் ரிக்கார்டர் வந்து, இடப் பக்கம் மட்டும் கரகரக்கிறது என்றால் முதலில் ஒன்று செய்வோம். ஸ்பீக்கர் இரண்டையும் இடம் மாற்றி இணைப்போம். கரகரப்பு இடப் பக்கமே நின்றால் கோளாறு உள்ளே. ஸ்பீக்கரோடு சேர்ந்து வலப் பக்கம் போனால் கெட்டது ஸ்பீக்கர்தான்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு வலப் பக்கமும் எரிகிறது என்றாள் அம்மா. முற்றத்து வெளிச்சத்தில் அவளை நிறுத்தி, டி.வி.யின் பின்பக்கம் பார்க்க நான் வைத்திருக்கும் டார்ச்சை வாய்க்குள் அடித்தேன். நாக்கின் இட விளிம்பில் பழைய தடம் அப்படியே இருந்தது. வலக் கன்னத்தின் உள்பக்கம் புதிதாக ஒன்று, பாலாடை ஒட்டினது போல.

“அம்மா, இது சுண்ணாம்பு இல்ல.”

“பின்ன?”

“உருண்டை எங்க போச்சோ, இதும் அங்க போயிருக்கு.”

“உனக்கு எல்லாம் ரேடியோ ஆக்கும்” என்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பஞ்சுத் துணியால் இரண்டு தடத்தையும் துடைத்துப் பார்த்தார். துடைத்தால் போகிற வெள்ளை வேறு, போகாத வெள்ளை வேறு என்றார். இது போகவில்லை. திருவனந்தபுரத்தில் கான்சர் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வீடு திரும்புகிற பஸ்ஸில் அம்மா வெளியே பார்த்தபடியே வந்தாள். அமரவிளை தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஆவணியில கல்யாணம் உண்டு. ஓர்மை இருக்கா?”

என் கல்யாணம்தான். கள்ளிக்காட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் சுரேஷுக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பயந்தே பலர் போவதில்லை. அங்கே யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை. செய்தித்தாள் படித்தார்கள், ஆரஞ்சு உரித்தார்கள், வரிசையில் முந்தினவரோடு சண்டை போட்டார்கள். ரயில் நிலையத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயமாக இருந்தது ஒன்றுதான்: வாயைக் கைத்துண்டால் மூடியபடி உட்கார்ந்திருந்தவர்கள் பலர். கைத்துண்டை எடுத்தால் என்ன தெரியும் என்று யோசிக்காமல் இருக்க நான் கூரையில் இருந்த மின்விசிறிகளில் எது கெட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒரு பெண். மலையாளத்தில் நிதானமாகப் பேசினார். அம்மாவின் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, ஒரு நீல மருந்தைத் தடங்களின் மேல் தடவினார். மறுபடியும் கொப்பளித்த பிறகு சாயம் எங்கே ஒட்டி நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் சந்தேகம் அதிகம். சதை எடுத்துப் பார்க்க வேண்டிய இடத்தை அது காட்டிக் கொடுக்கும். வலக் கன்னத்தில் நீலம் நிற்கவில்லை. நாக்கில் நின்றது. வெளியே வந்த அம்மாவைப் பார்த்து, கூட வந்திருந்த அப்பா, “என்ன பிள்ளே, பேனாவைக் கடிச்சியா?” என்றார். அம்மா நீல நாக்கை நீட்டிக் காட்டினாள். சிரித்துவிட்டு மூவரும் உடனே நிறுத்திக்கொண்டோம்.

அடுத்தது பயாப்சி. பெயர்தான் பெரிது. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி மணி அளவுக்குச் சதை எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்க அனுப்புவது. “கத்தி பட்டா பரவும்” என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். டாக்டரிடம் கேட்டேன். பரவுவது கத்தியால் இல்லை, வராமல் தள்ளிப்போடுவதால்தான் என்றார்.

முடிவு வந்த அன்று அவர் சொன்ன வார்த்தை டிஸ்பிளேசியா. நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். நாக்கின் தோலில் செல்கள் ஓடு வேய்ந்தது போல ஒழுங்காக அடுக்கியிருக்கும். அம்மாவின் தடத்தில் அந்த அடுக்கு குலைந்திருந்தது, ஒன்று பெரிதாக, ஒன்று கோணலாக. இது கான்சர் இல்லை. ஆனால் விட்டுவைத்தால் கான்சர் ஆகக்கூடியது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும், தாமதிக்கக் கூடாது. முறுக்கானை அன்றே நிறுத்த வேண்டும்.

“போயிலைய மாத்திரம் விட்டா போதுமில்லியா, டாக்டரே? வெத்திலையும் பாக்கும் பூசைக்கு வைக்கிற சாமானில்லியா” என்றாள் அம்மா.

பூசைக்கு வையுங்கள், வாயில் வைக்காதீர்கள் என்றார் டாக்டர். பாக்கு தனியாகவே கெடுதல் செய்யும். போயிலையை விட்டுப் பாக்கை வைத்துக்கொள்வது திருடர் இரண்டு பேரில் ஒருவனை மட்டும் வெளியே அனுப்புவது போல.

அம்மா கடைசியாகக் கேட்டாள்: “நாக்கு பழையது போல வேலை செய்யுமா?”

பேச்சு வரும் என்றார். குரவை பற்றி அம்மா கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் உறுதி சொல்லியிருக்க முடியாது.

அறுவைக்குச் சொன்ன நாள் கல்யாணத்துக்கு முந்தின வாரம். அம்மா அசையவில்லை. கல்யாணம் முடியட்டும், குரவை போட்டுவிட்டு நானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். சுரேஷும் அவன் அம்மா தேவகி மாமியும் விஷயம் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். மாமி உட்காரும்போதே கன்னத்தில் ஒரு உருண்டை.

“தள்ளி வெச்சா பின்ன அது கல்யாணமா? ஆளுக என்ன பறயும்? பெண்ணுக்கு ஏதும் கொறை உண்டோன்னு கேக்காதா?” என்றார் மாமி. முற்றத்தில் துப்பிவிட்டு வந்து, “சரோஜம் சொல்லியதாக்கும் செரி. நாக்க வெட்டினா பின்ன இவ எங்க குரவை விட?” என்றார்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பயம் முழுவதையும் மாமி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

“மாமி, அம்மாவுக்க குரவை இல்லாத கல்யாணம் எனக்கும் வேண்டாம்” என்றேன். “அதனாலதான் சொல்லுதேன். நாக்கு ஆறட்டும். ஆறி, அம்மா குரவை விடுத அன்னைக்குத் தாலி கட்டினா போதும்.”

“ஆறல்லேன்னா?”

“அம்மை சும்மா இரி” என்றான் சுரேஷ். “நான் எங்கயும் ஓடிப் போகல்ல. ஸ்டூடியோ கள்ளிக்காட்டுலதான் இருக்கு.”

அம்மா மடியிலிருந்த முறுக்கான் பொதியை அவிழ்த்து, அப்படியே அடுப்பில் போட்டாள். போயில எரிகிற புகையில் எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம்.

அறுவை நடந்து வார்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மாவின் நாக்கு வீங்கி வாய் நிறைய இருந்தது. உள்ளே கறுப்பு நூல் தையல். முதலில் பால், பிறகு ஆறின கஞ்சிவெள்ளம், பிறகு குழைந்த சாதம். பேசக் கூடாது. அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பேச்சு இல்லாதபோது அவள் கை தானாக இடுப்பு மடிக்குப் போகும், பொதி இல்லை என்று தெரிந்து திரும்பி வரும். கண் கலங்கும். வலியைவிட அதுதான் அவளைப் படுத்தியது. கொஞ்ச நேரம் தாங்கினால் ஆசையின் வேகம் அடங்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வராந்தாவில் நடக்க வைப்பேன். அடங்கியது, மறுபடி வந்தது, மறுபடி நடந்தோம்.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா அக்கா. கடற்கரையிலிருந்து வந்தவர், மீன் விற்கிறவர். கன்னத்தில் பெரிய அறுவை முன்பே நடந்து, வாய் விரல் அளவுக்குத்தான் திறக்கும். அதைப் பெரிதாக்க ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு குச்சி கூடும்போதும் வார்டு முழுக்கக் காட்டுவார். அந்த வாயை வைத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சை முழு வாய் உள்ளவர்கள் பேச முடியாது.

“எட்டி சரோஜம், வலிக்குதுன்னு நாக்க மடக்கி வெச்சிராத. டாக்டர் அசைக்கச் சொன்னா அசைக்கணும். காஞ்ச கருவாடு பின்ன வளையுமா?” என்பார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. சுண்ணாம்பை மாற்றிய கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் மூணு வருசம் சுண்ணாம்ப மாத்தினேன், மக்கா” என்றார்.

அதைக் கேட்ட அம்மா அன்று மாலையே கண்ணாடியைக் கேட்டு வாங்கி, நாக்கை இடமும் வலமுமாக அசைக்கத் தொடங்கினாள்.

அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்தவற்றைச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்துப் பெண்கள் அம்மாவின் மரங்களைத் தங்களுக்குள் பங்கு வைத்து வெட்டினார்கள், கூலியை அம்மாவின் கணக்கிலேயே சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து நாங்கள் மலைத்தபோது அதுதான் கை கொடுத்தது. என் கடை முதலாளி நான் வராத நாளை வந்ததாக வைத்துக்கொண்டார். சுரேஷ் இளநீர் கொண்டு வருவான், குழல் மறந்துவிடுவான், மறுபடி படி இறங்குவான். அப்பா தினமும் தூக்குவாளியில் கஞ்சியோடு பஸ் பிடித்து வந்தார்.

அப்படி வந்த ஒருநாள், அம்மா அவர் சட்டைப் பையைக் காட்டினாள். உள்ளே பீடிக்கட்டு.

“இது வேற, அது வேற” என்றார் அப்பா.

அம்மா தன் நாக்கைக் காட்டினாள். திரும்பவும் அவர் பையைக் காட்டினாள். பேச முடிந்திருந்தால் சண்டை போட்டு அப்பா ஜெயித்திருப்பார். வெறும் விரலோடு சண்டை போட அவருக்குத் தெரியவில்லை. பீடிக்கட்டை பிலோமினா அக்கா வாங்கி ஜன்னல் வழியாக வீசினார். “புகையானாலும் இலையானாலும் ஒரே செடியாக்கும், அண்ணா.” அப்பா அதற்குப் பிறகு ஒரு முறை வழுக்கினார், திருவிழாக் கூட்டத்தில். மறுபடியும் நிறுத்தினார். அதோடு சரி.

வெட்டி எடுத்த சதையின் முடிவு வந்தது. உள்ளே கான்சர் இல்லை. ஓரங்கள் சுத்தம், அதாவது குலைந்த செல்கள் மிச்சமின்றி முழுவதும் வெளியே வந்துவிட்டன. டாக்டர் எழுந்து நின்று அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா அதுவரை யாருக்கும் கை கொடுத்ததில்லை. வெளியே வந்தும் அந்தக் கையை வேறெங்கும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

வீடு திரும்பிய பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டவை இவை. டாக்டரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தது.

முதலாவது, முறுக்கான் வேண்டாம், பீடி வேண்டாம், சாராயம் வேண்டாம். மூக்குப்பொடியும் வேண்டாம். புகையிலை எந்த வேடத்தில் வந்தாலும் புகையிலைதான்.

இரண்டாவது, வெறும் வயிற்றோடு ரப்பர் வெட்டப் போவதில்லை. இதுதான் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம். முறுக்கானின் வேர் பசியில் இருந்தது. இப்போது அம்மா முதல்நாளே அவித்து வைத்த மரச்சீனிக் கிழங்கோ ஏத்தன் பழமோ சாப்பிட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள். மடியில் பொதி இருந்த இடத்தில் சீரகமும் உலர்ந்த நெல்லிக்காயும்.

மூன்றாவது, சட்டியில் கீரையும் காயும். முருங்கை, சேனைத்தண்டு, பப்பாளிக்காய் என்று முற்றத்தில் முளைப்பதே போதும். உப்புக் கருவாடு தினமும் இருந்தது எப்போதாவது ஆனது.

நான்காவது எனக்கும் அப்பாவுக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை எங்களுடையது. நான் பஸ்ஸை விட்டு முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். அப்பா வயிற்றைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிற வேலை.

ஐந்தாவது, கண்ணாடி. மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து நாக்கின் ஓரம், அடி, இரண்டு கன்னம், ஈறு எல்லாம் பார்ப்பது. வெள்ளையோ சிவப்போ தடம், இரண்டு வாரத்தில் ஆறாத புண், உரசுகிற கூர்ப்பல், எது இருந்தாலும் டாக்டரிடம் போவது. சுண்ணாம்பிடம் போகாதீர்கள்.

இதெல்லாம் செய்தால் கான்சர் வரவே வராது என்று யாரும் எங்களுக்கு வாக்குத் தரவில்லை. வாய்ப்பு குறையும், வந்தாலும் முன்கூட்டியே கண்ணில் படும் என்றார்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

குரவை மட்டும் வரவில்லை. வெட்டிய பக்கம் நாக்கு கொஞ்சம் இறுகியிருந்தது. அம்மா வீட்டில் முயற்சி செய்ய வெட்கப்பட்டு ரப்பர் தோட்டத்தில் செய்தாள். முதலில் வெறும் காற்று. பிறகு காற்றுக்குள் ஒரு தடுமாற்றம். மற்ற வரிசைகளில் வெட்டுகிற பெண்கள் கிண்டல் செய்வார்களாம்: “சரோஜம் அக்கா, குக்கருக்கு விசில் போகல்லியா?” கிண்டலுக்குப் பதிலாக அவள் மறுபடி விடுவாள். மார்கழியில் ஒரு காலை, அங்கே வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கத்தியை நிறுத்திவிட்டார்கள் என்று அவளோடு வேலை செய்கிற பெண் வந்து சொன்னாள். அம்மா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும், “தையில நாள் பாக்கச் சொல்லுங்க” என்றாளாம்.

அதற்கு முன் ஒரு பரிசோதனை இருந்தது. டாக்டர் வலக் கன்னத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். எதுவும் வெட்டாமல், முறுக்கானை நிறுத்தியதை மட்டும் மருந்தாக வைத்து விட்ட இடம் அது. பாலாடை போயிருந்தது, இளஞ்சிவப்புத் தோல். இதை நீங்களே சரி செய்தீர்கள், நான் செய்யவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். எல்லோரும் ஒரே வேகத்தில் இப்படி ஆறுவதில்லை, தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். காட்டிக்கொண்டிருக்கிறோம்.

தை மாதம் வெள்ளறடையில் கல்யாணம். பிலோமினா அக்கா கடற்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், கைப்பையில் குச்சிகளோடு. யாரோ வழக்கம்போல அம்மாவின் முன்னால் முறுக்கான் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா தட்டைத் தொட்டு, கண்ணில் ஒற்றி, திருப்பிக் கொடுத்தாள். மரியாதையை எடுத்துக்கொண்டாள், முறுக்கானை அனுப்பிவிட்டாள். யாருக்கும் குறை தோன்றவில்லை.

சுரேஷ் தாலியை எடுத்தான். மேளம் ஏறியது. பெண்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். யாரும் முந்தவில்லை. நான் தலை குனிந்திருக்க வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா மூச்சை இழுத்தாள்.

வந்தது. பழைய குரவை இல்லை, தொடக்கத்தில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. பிறகு நடுக்கம் நேராகி, மேளத்துக்கு மேலே ஏறி, அங்கேயே நின்றது. மூச்சு முடியும் என்று நான் நினைத்த இடத்தைத் தாண்டியும் நின்றது. அதற்குப் பிறகுதான் மற்றப் பெண்கள் சேர்ந்தார்கள். பிலோமினா அக்கா தனக்கிருந்த வாயளவுக்கு அவரும் விட்டார். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லாததால் கைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது தேவகி மாமி என் கையைப் பிடித்து, மண்டபத்தின் பின்பக்கம், வெயில் விழுகிற இடத்துக்கு இழுத்துப் போனார். சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

“பிள்ளே, உனக்க டார்ச்சு எங்க?”

“கல்யாணத்துக்கு டார்ச்சா மாமி?”

“செரி, வெயிலு போதும். எனக்க வாயப் பாரு. வெள்ளை ஏதும் உண்டா?”

பட்டுப்புடவையோடும் மாலையோடும் குனிந்து பார்த்தேன். எல்லாம் வெற்றிலைச் சிவப்பு. கன்னத்தில் ஒரு உருண்டை அடங்கியிருந்ததால் பாதி வாய் தெரியவில்லை.

“இத வெச்சிட்டு ஒண்ணும் தெரியாது” என்றேன். “துப்புங்க, மாமி.”

மருமகளாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாமி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

துப்பினார்.